தரையில் தேங்கிய தண்ணீரும் அணு உலையின் சல்லடையும்

கேள்வி இதுதான்: குழாய் உடைந்து அணு உலையைக் குளிர்விக்கும் நீர் வெளியே கொட்டிவிட்டால், தரையில் தேங்கும் அதே தண்ணீரைப் பம்பு வைத்து எடுத்து மறுபடி உலைக்குள் அனுப்புவார்கள் என்கிறார்களே, அதில் கிடக்கும் குப்பை பம்பை அடைக்காதா? நல்ல சல்லடையாக ஒன்று போட்டுவிட்டால் போதாதா?

முதல் பாதிக்குப் பதில் சுருக்கமானது. அடைக்கும், அடைத்தும் இருக்கிறது. இரண்டாம் பாதிக்குத்தான் நீண்ட பதில் தேவை. பம்புக்குள் குப்பை போகக் கூடாது என்று சல்லடை வைக்கிறோம். அந்தச் சல்லடை குப்பையை எவ்வளவு நன்றாகப் பிடிக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் அதுவே பம்புக்குத் தண்ணீர் போகாமல் தடுத்துவிடுகிறது. இந்த முடிச்சை அவிழ்க்க அணுமின் துறைக்கு 25 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. பொறியியல் படிக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன்.

தரைத் தண்ணீரை ஏன் எடுக்க வேண்டும் என்பதில் இருந்து தொடங்கலாம். உலையை நிறுத்திவிட்டால் வெப்பமும் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது. பிளவு வினை நொடிகளில் நின்றுவிடும், ஆனால் ஏற்கெனவே உண்டான கதிரியக்கப் பொருள்கள் சிதைந்துகொண்டே வெப்பத்தைக் கொடுக்கும். 3000 மெகாவாட் வெப்பம் தரும் உலையை நிறுத்திய கணத்தில் அது ஆறு ஏழு சதவீதம், அதாவது சுமார் 200 மெகாவாட். ஒரு மணி நேரம் கழித்தும் 40 மெகாவாட் அளவில் இருக்கும். கொதிநிலையில் இருக்கும் தண்ணீரில் நொடிக்கு ஒரு குடத்துக்கு மேல் ஆவியாக்க அந்த வெப்பம் போதும். ஒரு நாள் ஆனாலும் 15 மெகாவாட் மிச்சம் இருக்கும். வாரக்கணக்கில் தண்ணீர் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

அழுத்த நீர் உலை வகையில் இதற்கென்று ஒரு பெரிய தொட்டி உண்டு. போரிக் அமிலம் கலந்த தண்ணீர், பத்து முதல் பதினைந்து லட்சம் லிட்டர் வரை இருக்கும். பெரிய குழாய் உடைந்தால் பம்புகள் இந்தத் தொட்டியில் இருந்துதான் முதலில் எடுக்கும். ஆனால் அவை ஓடும் வேகத்துக்கு அரை மணி நேரம் அளவில் தொட்டி காலி. அதற்குள் அவ்வளவு தண்ணீரும் உடைந்த இடத்தின் வழியாகக் கொட்டி, உலையைச் சுற்றியுள்ள தடித்த கான்கிரீட் கட்டடத்தின் அடித்தளத்தில் முழங்கால் அளவுக்கோ இடுப்பளவுக்கோ நிற்கும். அந்தக் கட்டடத்தை கன்டெய்ன்மென்ட் என்பார்கள். தரையில் ஒரு பள்ளம் இருக்கும், அதற்குப் பெயர் சம்ப். வீட்டில் கார்ப்பரேஷன் தண்ணீர் பிடித்து வைக்கிறோமே, அதே சம்ப்தான். தொட்டி தீரும் நேரத்தில் பம்புகளின் உறிஞ்சு குழாயைச் சம்புக்கு மாற்றுவார்கள். தண்ணீர் சம்பில் இருந்து குளிர்விப்பான் வழியாக உலைக்குப் போய், உடைந்த இடத்தில் கொட்டி, மறுபடி சம்புக்கு வரும். இந்தச் சுற்று ஒரு மாதம் கூட ஓட வேண்டியிருக்கலாம்.

சரி, சல்லடை அடைத்தால் என்ன ஆகும்? எங்கள் தென்னந்தோப்புக் கிணற்று மோட்டாரில் இதை நான் சிறுவனாகவே பார்த்திருக்கிறேன். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரின் சத்தம் திடீரென்று மாறும். கூழாங்கல்லை இரும்புக் குழாய்க்குள் உருட்டுகிற மாதிரி ஒரு கரகரப்பு. ஸ்டார்ட்டர் பலகையில் இருக்கும் ஆம்பியர் முள் நிலையாக நிற்காமல் ஆடும். வாய்க்காலில் தண்ணீர் விட்டு விட்டு வரும். அப்பா மோட்டாரை நிறுத்தச் சொல்லி, ஃபுட் வால்வை மேலே இழுப்பார். அதன் சல்லடையில் பெரிய மட்டையோ இலையோ இருக்கும் என்று எதிர்பார்ப்பேன், இருக்காது. மெல்லிய தென்னை நார் நாலைந்து சுற்றிக்கொண்டிருக்கும், அதன்மேல் பாசி ஈரத் துணி மாதிரி ஒட்டிக்கிடக்கும். விரலால் வழித்தால் மொத்தமாகக் கையோடு வந்துவிடும். ஒரு கைப்பிடி கூட இருக்காது. அந்த நாரையும் பாசியையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வருகிறது.

பம்பு தண்ணீரை இழுப்பதில்லை. தண்ணீர் மேல் இருக்கும் அழுத்தம்தான் அதைப் பம்புக்குள் தள்ளுகிறது. குளிர்ந்த தண்ணீர் என்றால் காற்றழுத்தம் முழுவதும் உதவிக்கு வரும். ஏறக்குறையக் கொதிநிலையில் இருக்கும் தண்ணீரில் அந்த உதவி கிட்டத்தட்டப் போய்விடும், ஏனென்றால் அழுத்தம் கொஞ்சம் குறைந்தாலும் தண்ணீர் அங்கேயே ஆவியாகிக் குமிழாகும். அப்போது மிஞ்சுவது பம்புக்கு மேலே நிற்கும் நீரின் உயரம் மட்டுமே. அதனால்தான் இந்தப் பம்புகளைக் கட்டடத்தின் அடி ஆழத்தில் வைக்கிறார்கள். அப்படியும் சில நிலையங்களில் பம்புக்குத் தேவையானதற்கு மேல் கையில் இருக்கும் உபரி ஒரு மீட்டர் நீர் உயரத்துக்கும் குறைவு. சல்லடையில் படியும் குப்பை அந்த ஒரு மீட்டரைத் தின்றுவிட்டால் பம்புக்குள் குமிழ்கள் உண்டாகி வெடிக்க ஆரம்பிக்கும், கேவிடேஷன் என்பது அதுதான். எங்கள் கிணற்றில் கேட்ட கரகரப்பும் அதே சத்தம்தான்.

இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கும் கட்டடத்துக்குள் குப்பை எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி விபத்தே உண்டாக்குவது. சூடான குழாய்கள் எல்லாவற்றையும் இன்சுலேஷன் போர்த்தியிருக்கும். கண்ணாடி இழை, பாறையை உருக்கி நூற்ற மினரல் வுல், கால்சியம் சிலிகேட் கட்டிகள், சில இடங்களில் மடித்த மெல்லிய எஃகுத் தகடுகள். அழுத்த நீர் உலையின் முதன்மைக் குழாயில் தண்ணீர் 300 டிகிரிக்கு மேல், சுமார் 155 பார், அதாவது காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 155 மடங்கு அழுத்தத்தில் இருக்கிறது. உடைந்தால் அங்கிருந்து பீறிடும் ஆவியும் நீரும் அருகில் உள்ள போர்வையை எல்லாம் பிய்த்து எறியும். அமெரிக்கக் கணக்கீட்டு முறையில், நியூகான் என்ற பரவலான கண்ணாடி இழைப் போர்வைக்கு உடைந்த குழாயின் விட்டத்தைப் போல 17 மடங்கு தூரம் வரை சேதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 75 செ.மீ. குழாய்க்கு அது கிட்டத்தட்ட 13 மீட்டர். சுற்றிலும் எல்லாத் திசையிலும் 13 மீட்டர். இதோடு உரிந்த பெயின்ட், கான்கிரீட் தூள், துரு, பல வருடத் தூசி, வேலையாட்களின் உடையில் இருந்து உதிர்ந்த நூல், எச்சரிக்கை ஸ்டிக்கர், கேபிள் கட்டும் பிளாஸ்டிக் பட்டை எல்லாம் சேரும்.

இது காகிதக் கணக்கில் இருந்து உண்மைக்கு வந்த நாள் 1992 ஜூலை 28. இடம் ஸ்வீடனின் தென்கோடியில், கடலுக்கு அக்கரையில் கோபன்ஹேகன் தெரியும் பார்செபெக் நிலையம். அதன் இரண்டாவது அலகு வருடாந்திரப் பராமரிப்பு முடிந்து மறுபடி கிளம்பிக்கொண்டிருந்தது. கொதிநீர் உலை வகை, அதாவது உலைக்குள்ளேயே தண்ணீர் கொதித்து ஆவியாகும். இந்த வகையில் சம்புக்குப் பதில் அடியில் ஒரு நீர்க் குளம் இருக்கும். இன்னும் இரண்டு சதவீதத் திறன் கூட எட்டவில்லை, அழுத்தம் 30 பார் அளவில்தான். அப்போது ஒரு சேஃப்டி வால்வு தானாகத் திறந்துகொண்டு நீராவியை நேராகக் கட்டடத்துக்குள் விட்டது. குழாய் எதுவும் உடையவில்லை. அந்த ஆவி பக்கத்துக் குழாய்களில் சுற்றியிருந்த மினரல் வுல்லில் சுமார் 200 கிலோவைக் கிழித்தெறிந்தது. அதில் பாதி, சுமார் 100 கிலோ, அடியில் உள்ள நீர்க் குளத்துக்குள் அடித்துச் செல்லப்பட்டது.

குளத்தில் இருந்து தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்த இரண்டு சல்லடைகளிலும் அந்த மினரல் வுல் படிந்தது. சல்லடைக்கு முன்னும் பின்னும் அழுத்த வித்தியாசம் கூடிவிட்டது என்று எச்சரிக்கை வந்தபோது 70 நிமிடம்தான் ஆகியிருந்தது. பாதுகாப்பு ஆவணங்களில் முதல் பத்து மணி நேரத்துக்குச் சல்லடையைக் கழுவ வேண்டிய தேவையே வராது என்று எழுதியிருந்தார்கள். நல்ல வேளையாக அந்த நிலையத்தில் எதிர்த்திசையில் தண்ணீர் விட்டுச் சல்லடையைக் கழுவும் ஏற்பாடு இருந்தது. பணியாளர்கள் பம்பை நிறுத்தி, கழுவி, மறுபடி ஓட்டினார்கள். எரிபொருளுக்குச் சேதம் இல்லை, வெளியே கதிரியக்கம் போகவில்லை.

நான் அந்த 70 நிமிடத்தையும் 10 மணி நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் இந்த விஷயத்தை எப்போதும் சொல்லிக்கொடுப்பேன். முழு அழுத்தத்தில் பெரிய குழாய் உடைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் கற்பனை செய்ய வேண்டியதில்லை. மிகச் சாதகமான சூழ்நிலையிலேயே கணக்கு எட்டு மடங்குக்கு மேல் தப்பியது. ஸ்வீடனின் கண்காணிப்பு அமைப்பு அந்த ஆண்டு செப்டம்பரில் ஒரே மாதிரி அமைப்புள்ள ஐந்து பழைய கொதிநீர் உலைகளை நிறுத்தி, சல்லடையைச் சரிசெய்யாமல் ஓட்டக் கூடாது என்றது. ஒரு நாடு தன் உலைகளில் ஐந்தை இதற்காக நிறுத்தியது பெரிய முடிவு, சரியான முடிவும் கூட.

அமெரிக்காவில் அப்போது என்ன விதி இருந்தது? 1974இல் வந்த வழிகாட்டியின்படி, சல்லடையில் பாதி அடைபட்டதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் போதும். ஏன் பாதி? கால்வாசியோ முக்கால்வாசியோ ஏன் இல்லை? அதற்குப் பின்னால் எந்தச் சோதனையும் இல்லை. 1985இல் அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையமே அந்தப் பாதிக் கணக்கு சரியில்லை, ஒவ்வொரு நிலையத்திலும் உள்ள குப்பையை வைத்துத்தான் கணக்கிட வேண்டும் என்று கண்டது. ஆனால் ஏற்கெனவே ஓடும் நிலையங்களை மாற்றச் சொல்லவில்லை. எனக்கு இந்த இடத்தில் இன்றைக்கும் வருத்தம் உண்டு. தவறு என்று தெரிந்த ஓர் எண்ணை, பழைய நிலையங்களுக்கு மட்டும் பொருந்தட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அடுத்த பாடம் ஒஹாயோவின் பெர்ரி நிலையத்தில் கிடைத்தது. 1993 தொடக்கத்தில் அங்கே குளத்தில் உள்ள பம்புகளின் சல்லடைகள் உறிஞ்சு விசையில் உள்வாங்கி வளைந்திருந்தன. அவற்றைச் சரிசெய்த பின்னும் மார்ச் மாதத்தில் மறுபடி அடைப்பு. அங்கே எந்தப் போர்வையும் கிழியவில்லை. பராமரிப்புக் காலத்தில் தற்காலிகமாக வைத்த காற்று வடிகட்டிகளில் இருந்து கொஞ்சம் கண்ணாடி இழை குளத்தில் விழுந்திருந்தது. தண்ணீரில் ஏற்கெனவே மிதந்த நுண்ணிய துரு, அந்த இழைமேல் படிந்திருந்தது.

1995 செப்டம்பர் 11 அன்று பென்சில்வேனியாவின் லிமெரிக் நிலையத்தில் முதல் அலகு முழுத் திறனில் ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு சேஃப்டி வால்வு திறந்து, மூடாமல் நின்றுவிட்டது. குளத்தைக் குளிர்விக்கப் பம்பை ஓட்டினார்கள். அரை மணி நேரம் போல ஆனதும் ஒரு பம்பின் மோட்டார் மின்னோட்டமும் நீரோட்டமும் ஆட ஆரம்பித்தன. எங்கள் ஸ்டார்ட்டர் பலகையில் ஆடிய அதே முள். பிறகு பார்த்தபோது சல்லடையைப் பாலிமர் இழையும் துருச் சேறும் கலந்த ஒரு மெல்லிய படலம் போர்த்தியிருந்தது. குளத்தில் இருந்து மொத்தம் சுமார் 635 கிலோ குப்பையை அள்ளினார்கள். ஆனால் சல்லடையைத் திணறடித்தது அந்த மெல்லிய படலம்தான்.

நாரும் பாசியும் என்றேனே, இதுதான் அது. இத்துறையில் இதை மெல்லிய படுகை விளைவு என்கிறார்கள். சல்லடைத் துளை இரண்டு மூன்று மி.மீ. என்றால் நுண்ணிய துருத் தூள் எல்லாம் அதன் வழியே போய்விடும், எதுவும் அடைக்காது. கொஞ்சம் இழை வந்து துளைகளின் குறுக்கே பாலம் போட்டால் கதை மாறுகிறது. இப்போது இழைதான் வடிகட்டி, தூள் அதில் சிக்குகிறது. காபி ஃபில்டரில் பொடியை அழுத்திவிட்டால் டிகாஷன் சொட்டுச் சொட்டாகக் கூட இறங்காதே, அந்த நிலைமை. கூடவே ஒரு விசித்திரம்: இழை நிறைய வந்தால் படுகை தடிமனாகவும் புசுபுசுவென்றும் இருக்கும், தூள் அதற்குள் பரவி இடைவெளி மிச்சம் இருக்கும். இழை கொஞ்சமாக வந்தால் தூள் நெருக்கமாகப் படிந்து சேற்றுத் தகடு மாதிரி ஆகிவிடும். ஆகவே குறைந்த குப்பை அதிகக் குப்பையைவிட மோசமாக அடைக்க முடியும். அதிகபட்சக் குப்பைக்குக் கணக்குப் போட்டுவிட்டேன், மற்றதெல்லாம் அதற்குள் அடங்கிவிடும் என்று இந்தத் துறையில் யாரும் சொல்ல முடியாது.

எவ்வளவு கொஞ்சம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். படுகை உருவாகச் சுமார் 3 மி.மீ. தடிமன் இழை போதும் என்பது நெடுநாளாகப் பயன்படுத்தும் அளவு. கண்ணாடி இழைப் போர்வை கன மீட்டருக்குச் சுமார் 38 கிலோ. பழைய சம்ப் சல்லடை 5 சதுர மீட்டர் என்று வைத்தால், அதை மூட 600 கிராம் இழைக்குக் கொஞ்சம் குறைவாகவே ஆகும். இப்போது தூசியை மட்டும் பாருங்கள். தனியாக அளந்து பார்க்காத நிலையம், கட்டடத்துக்குள் 90 கிலோ தூசி இருப்பதாகவும் அதில் 15 சதவீதம் இழை என்றும் எடுத்துக்கொள்ள வேண்டும். அது 13 கிலோவுக்கு மேல். போர்வையே கிழியாவிட்டாலும் தரைத் தூசியில் உள்ள நூல் மட்டுமே பழைய சல்லடையை இருபது முறை மூடும். சல்லடையை 400 சதுர மீட்டராக்கினால்? மூட 45 கிலோ இழை வேண்டும். தூசியில் அவ்வளவு கிடையாது. பரப்பைக் கூட்டுவதன் பயன் இங்கே கண்ணுக்குத் தெரிகிறது. நீரோட்டத்தின் வேகமும் அதே விகிதத்தில் குறைவதால் படுகை இறுகுவதும் குறையும்.

கொதிநீர் உலைகளுக்கு 1996இல் அமெரிக்க ஆணையம் மூன்று வழி கொடுத்தது. பெரிய சல்லடை, தானே துடைத்துக்கொள்ளும் சல்லடை, அல்லது எதிர்த்திசையில் கழுவும் அமைப்பு. எல்லா நிலையங்களும் பெரிய சல்லடையையே தேர்ந்தெடுத்தன. துடைக்கும் கருவிக்கு மோட்டார் வேண்டும், விபத்து நேரத்தில் அது ஓட வேண்டும், அதுவே பழுதாகலாம். கழுவுவதற்குப் பம்பை நிறுத்த வேண்டும், கழுவிய குப்பை அங்கேயே மிதந்து திரும்பி வரும். அசையாமல் கிடக்கும் பெரிய உலோகத் தட்டுக்கு இந்தத் தொல்லை கிடையாது. நானும் அதையே தேர்ந்தெடுத்திருப்பேன்.

அழுத்த நீர் உலைகளுக்குத்தான் நீண்ட காலம் ஆனது. ஜி.எஸ்.ஐ. என்றால் ஜெனரிக் சேஃப்டி இஷ்யூ, பல நிலையங்களுக்கும் பொதுவான பாதுகாப்புப் பிரச்சினை. ஜி.எஸ்.ஐ. 191 என்ற எண்ணில் 1996இல் ஆணையம் அந்தக் கோப்பைத் திறந்தது. ஒஹாயோவின் டேவிஸ்-பெஸ்ஸி நிலையம், உலைக்கலனின் மூடி அரித்துப்போனது 2002இல் தெரிந்து நீண்ட நாள் நின்றிருந்தபோது, தன் சம்ப் சல்லடையைச் சுமார் 50 சதுர அடியில் இருந்து 1200 சதுர அடியாக்கிக்கொண்டது. 2004 செப்டம்பரில் எல்லா அழுத்த நீர் நிலையங்களும் தங்கள் கணக்கைப் புதிதாகப் போட வேண்டும் என்று ஆணையம் கடிதம் அனுப்பியது. சில சதுர மீட்டர் இருந்த இடத்தில் நூற்றுக்கணக்கான சதுர மீட்டர் வந்தன. தரையில் இடம் எங்கே? அதனால் வடிவத்தை மாற்றினார்கள். துளையிட்ட தட்டுகளைத் தோசைக்கல் அடுக்கியது போல இடைவெளி விட்டு அடுக்குவது ஒரு வகை. சுவிட்சர்லாந்தில் உருவான இன்னொன்றில் ஆழமான பைகள் வரிசையாக இருக்கும். கனடாவில் மடிப்பு மடிப்பாகத் துடுப்பு வைத்தது. துளையும் பழைய 3 முதல் 6 மி.மீ. என்பதில் இருந்து 2 மி.மீ. அளவுக்குச் சுருங்கியது.

இதைச் சோதித்துப் பார்ப்பதே ஒரு தனிக் கலை. புதிய போர்வையை அப்படியே வெட்டித் தண்ணீரில் போட்டால் அது கட்டியாக மூழ்கிவிடும், சல்லடைக்கே வராது, சோதனையும் வெற்றி என்று ஆகிவிடும். உண்மையில் அந்தப் போர்வை வருடக்கணக்கில் சூட்டில் கிடந்து அதன் பசை எரிந்துபோயிருக்கும். அதனால் முதலில் ஒரு பக்கத்தில் இருந்து சூடாக்கிப் பசையைப் போக்குகிறார்கள். பிறகு நறுக்கி, வாளியில் போட்டு, கார் கழுவுவது போன்ற அழுத்த நீர்ப் பீச்சால் அடித்து அடித்து இழை இழையாகப் பிரிக்கிறார்கள். பழுப்பேறிய பஞ்சு மிட்டாயைத் தண்ணீரில் கரைத்த மாதிரி, எது தண்ணீர் எது இழை என்று தெரியாத ஒரு கலங்கல் கிடைக்கும் வரை. பெயின்ட் தூளுக்குப் பதிலாக சிலிக்கான் கார்பைடோ வால்நட் ஓட்டு மாவோ போடுவார்கள். குப்பையை எந்த வரிசையில், எவ்வளவு வேகத்தில் கொட்டுகிறோம் என்பதைப் பொறுத்தே முடிவு மாறும் என்பதால் அதற்கும் விதி உண்டு.

அப்புறம் வேதியியல் வந்து குறுக்கே நின்றது. தண்ணீரில் போரிக் அமிலம் இருக்கிறது. எரிபொருளில் இருந்து வெளியேறும் அயோடின் ஆவியாகாமல் தண்ணீரிலேயே தங்க வேண்டுமானால் அந்த அமிலத்தன்மையைப் போக்க வேண்டும். அதற்காகத் தரையில் கூடைகளில் டிரைசோடியம் பாஸ்பேட் வைத்திருப்பார்கள், அல்லது சோடியம் ஹைட்ராக்சைடைத் தெளிப்பார்கள். நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் 2004, 2005 ஆண்டுகளில், லாஸ் அலமோஸ் ஆய்வகத்தோடு சேர்ந்து, இப்படிப்பட்ட நீரை 60 டிகிரியில் 30 நாள் வீதம் ஐந்து முறை சுற்றவிட்டுப் பார்த்தார்கள். பாஸ்பேட்டும் கால்சியம் சிலிகேட் போர்வையும் சேர்ந்த தொட்டியில் வெண்மையான கால்சியம் பாஸ்பேட் திரிதிரியாகப் பிரிந்தது. ஹைட்ராக்சைடு தொட்டியில் அலுமினியம் அரித்து, நீர் குளிர்ந்ததும் கூழ் போன்ற அலுமினியம் ஹைட்ராக்சைடு வந்தது. மெல்லிய படுகைமேல் இந்தக் கூழ் உட்கார்ந்தால் நீரோட்டம் கிட்டத்தட்ட நின்றுவிடும். அயோடினைப் பிடிக்க வைத்த மருந்தே சல்லடையை அடைக்கும் என்பது பழைய கணக்குகளில் இல்லை. கால்சியம் சிலிகேட் இருந்த பல நிலையங்கள் பாஸ்பேட்டை எடுத்துவிட்டு சோடியம் டெட்ராபோரேட்டுக்கு மாறின. தேவையில்லாத அலுமினிய ஏணி, சாரக்கட்டு எல்லாவற்றையும் கட்டடத்தில் இருந்து வெளியே கொண்டுபோனார்கள்.

சல்லடையைத் தாண்டிப் போகும் நுண் இழையை மறந்துவிடக் கூடாது. அது பம்பின் சீலைத் தேய்க்கும், குறுகலான வால்வில் சிக்கும், கடைசியில் உலைக்கே போய் எரிபொருள் கட்டுகளின் அடியில் உள்ள துளைத் தட்டில் படியும். அந்தத் தட்டும் ஒரு சல்லடைதான், யாரும் போய்க் கழுவ முடியாத சல்லடை. பல சோதனைகளுக்குப் பின் ஒரு கட்டுக்கு 15 கிராம் இழை வரை பாதுகாப்பு என்று 2013இல் அமெரிக்க ஆணையம் ஏற்றுக்கொண்டது. வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் பெரிய உலையில் 193 கட்டுகள் இருக்கும், மொத்தம் 3 கிலோவுக்கும் குறைவு. ஒரு தலையணைப் பஞ்சின் எடைதான். பிற்பாடு விரிவான ஆய்வுகள் வந்து கூடுதல் அளவுக்கும் வழி கண்டார்கள், 2019 ஜூலையில் ஜி.எஸ்.ஐ. 191 கோப்பை மூடினார்கள். 23 ஆண்டுகள்.

நீங்கள் கேட்ட 'நல்ல சல்லடை' இங்கேதான் சிக்குகிறது. துளையைச் சிறிதாக்கினால் உலைக்குள் போவது குறையும், சல்லடை சீக்கிரம் அடைபடும். பெரிதாக்கினால் அதற்கு நேர் எதிர். சல்லடையால் மட்டும் இதைத் தீர்க்க முடியாது என்பது என் உறுதியான கருத்து. இழைப் போர்வையைக் கழற்றிவிட்டு மடித்த எஃகுத் தகட்டுப் போர்வை போட்ட நிலையங்கள்தான் நிம்மதியாக இருக்கின்றன. கிழிந்தாலும் அந்தத் தகடு தரையில் படுத்துக்கொள்ளும், சல்லடையை நெருக்கி மூடாது. ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிலையத்தின் உலையில் இன்சுலேஷனை மாற்றுவது என்றால் ஆட்கள் கதிரியக்கத்தில் நின்று வேலை செய்ய வேண்டும். செலவும் அதிகம், உடல் ஏற்கும் கதிர்வீச்சும் அதிகம். அதனால்தான் பல இடங்களில் பாதி மாற்றி, பாதி கணக்குப் போட்டுச் சமாளித்தார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஜெல்லிமீன் அடைத்து உலை நின்றது என்று செய்தி வருமே, அது வேறு. ஸ்காட்லாந்தின் டோர்னஸ் 2011இலும் ஸ்வீடனின் ஆஸ்கர்ஷாம் 2013இலும் அப்படி நின்றன. அது கடல்நீர் எடுக்கும் வாயில், வெளியே. ஆட்கள் போய்ச் சுத்தம் செய்யலாம். சம்ப் சல்லடைக்கு விபத்தின்போது யாரும் அருகில் போக முடியாது.

நம் கூடங்குளத்தில் இருப்பதும் அழுத்த நீர் உலை வகைதான், எனவே இந்தக் கேள்வி நமக்கும் சொந்தமானது. அங்கே பாதுகாப்பு பற்றிப் பேசும் கூட்டத்துக்குப் போனால் சுனாமி, நிலநடுக்கம் என்று மட்டும் கேட்காமல் இதையும் கேளுங்கள். உலைக் கட்டடத்துக்குள் இழைப் போர்வை எவ்வளவு, சல்லடையின் பரப்பு என்ன, அதை மெல்லிய படுகைக்கும் வேதிப் படிவுக்கும் சேர்த்துச் சோதித்தார்களா, பம்புக்குக் கையில் உள்ள உபரி எத்தனை மீட்டர்? விவரம் தெரிந்தவர் இதற்கு எண்ணோடு பதில் சொல்வார்.

பராமரிப்புக்குப் பின் கட்டடத்தை மூடும் முன் யார் சுற்றிப் பார்க்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். அமெரிக்க நிலையங்களில் டார்ச் விளக்கோடு ஒவ்வொரு தளமாக இறங்கி வருவார்கள். குழாய்களுக்குப் பின்னால், கேபிள் தட்டுகளுக்கு அடியில், படிக்கட்டின் கீழ் எல்லாம் வெளிச்சம் அடித்துப் பார்ப்பார்கள். அவர்கள் தேடுவது யாரோ மறந்து விட்டுப்போன ஒரு பிளாஸ்டிக் தாள், ஒரு துடைக்கும் துணி, பாதி உரிந்து தொங்கும் ஒரு டேப்.